வழக்கொழிந்த தோட்டச் செடிகளை மறுபடி வளர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இப்போது எந்த நர்சரிக்குள் நுழைந்தாலும் வரிசையாக நிற்பவை ஏறக்குறைய ஒரே செடிகள்தான். பெட்டூனியா, அடீனியம், குட்டை ரகக் காகிதப்பூ, ஒட்டுக்கட்டிய ரோஜா. அந்திமந்தாரை இருக்கிறதா என்று கேட்டால், "அதெல்லாம் யார் வாங்குறாங்க?" என்பார்கள். காசித்தும்பை, டிசம்பர் பூ, கனகாம்பரம், பவளமல்லி, மனோரஞ்சிதம், அடுக்கு நந்தியாவட்டை, கோழிக்கொண்டை, வாடாமல்லி, ரங்கூன் மல்லி, குரோட்டன்ஸ் என்று ஒரு காலத்தில் தோட்டம் என்றாலே நினைவுக்கு வந்த செடிகளுக்கும் இதே பதில்தான்.

இவை ஒதுக்கப்பட்டதற்குச் செடிகளின் குறை காரணம் என்று நான் நினைக்கவில்லை. சிறிய பையில் வைத்து விற்க இவை தோதானவை அல்ல, அவ்வளவுதான். அந்திமந்தாரை மண்ணுக்குள் கிழங்கு விடும் செடி. குறுகலான பையில் வாடி வதங்கித் தெரியும். அதன் பூவும் மாலையில்தான் விரியும், காலையில் வாங்க வருகிறவர் மூடிய மொட்டைத்தான் பார்ப்பார். பவளமல்லி பூவை விடிவதற்குள் உதிர்த்துவிடும். டிசம்பர் பூ ஆண்டின் பெரும்பகுதி வெறும் பச்சைப் புதர். காசித்தும்பை தண்டு முழுக்கத் தண்ணீர். ஒரு நாள் தண்ணீர் தவறினால் தலை சாய்ந்துவிடும். விற்பனைக்குத் தடையான இந்தக் குணங்கள் எதுவும் தோட்டத்தில் தடையே இல்லை.

இன்னொன்றும் உண்டு. இவை கையிலிருந்து கைக்கு வந்த செடிகள். ஒரு பிடி விதை, ஒரு ஒடித்த குச்சி, வேரோடு பிடுங்கிய ஒரு நாற்று என்றுதான் பரவின. கொடுப்பவர் கை நின்றால் செடியும் நின்றுபோகும். அதனால் விதை எடுக்கவும் குச்சியை வேர்விட வைக்கவும் தெரிந்துகொள்வதுதான் இந்தச் செடிகளை வளர்ப்பதில் முக்கால்வாசி வேலை. இந்த வழிகாட்டியிலும் அதற்கே அதிக இடம்.

முதல் படி: வெயிலைப் பாருங்கள், பூக்கும் நேரத்தையும் பாருங்கள்

செடியைத் தேடுவதற்கு முன், இருக்கிற இடத்தில் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் வெயில் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் பாருங்கள். ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழும் இடத்தில் கோழிக்கொண்டை, வாடாமல்லி, பவளமல்லி, ரங்கூன் மல்லி, பழைய ரக ரோஜா நன்றாக வரும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைத்தால் அது காசித்தும்பைக்கும் கனகாம்பரத்துக்கும் பொருத்தமான இடம். அந்திமந்தாரை, டிசம்பர் பூ, நந்தியாவட்டை மூன்றும் பெரிதாக அடம்பிடிக்காது. குரோட்டன்ஸ் நிழலில் உயிரோடு இருக்கும், ஆனால் மஞ்சளும் சிவப்பும் மங்கி வெறும் பச்சையாகிவிடும். நிறம் வேண்டுமென்றால் வெளிச்சம் வேண்டும்.

இவை எல்லாமே பனி உறையாத, வெதுவெதுப்பான இடத்துச் செடிகள். குளிர் கடுமையாக இருக்கும் ஊரில் காசித்தும்பை, கோழிக்கொண்டை, வாடாமல்லி மூன்றையும் கோடைக்கால ஒரு பருவச் செடிகளாக வைக்கலாம். அந்திமந்தாரையின் கிழங்கைக் குளிருக்கு முன் தோண்டி, உலர்ந்த மணலில் வைத்திருந்து மறுபடி நடலாம். மற்றவற்றைத் தொட்டியில் வைத்து வீட்டுக்குள் கொண்டுபோவதுதான் வழி.

அடுத்தது பூக்கும் நேரம். பழைய செடிகளை ரசிக்கத் தவறுகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் தவறுகிறார்கள். அந்திமந்தாரை பிற்பகல் நான்கு மணிவாக்கில் விரியத் தொடங்கும், இரவு முழுக்க மணக்கும், காலை வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். வானம் மூடியிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் விரிந்திருக்கும். ஆகவே மாலையில் நீங்கள் உட்காரும் இடத்துக்கு அருகில் வையுங்கள். காலையில் மட்டும் கடந்துபோகும் இடத்தில் வைத்தால் வீண். பவளமல்லி இரவில் விரிந்து விடியலில் உதிரும். அதன் அழகு பாதி மரத்தில், பாதி தரையில். அடியில் மிதிபடாத, பெருக்கிச் சுத்தமாக வைக்கக்கூடிய மண்தரையோ புல்தரையோ இருக்கட்டும்.

ரங்கூன் மல்லியை ஒரு முறையாவது மூன்று நாள் தொடர்ந்து கவனியுங்கள். மாலையில் விரியும்போது பூ வெள்ளை. அந்த இரவில் நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சிகள் வரும். மறுநாள் அதே பூ இளஞ்சிவப்பு, அதற்கடுத்த நாள் நல்ல சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நிறமும் தெரிவதற்குக் காரணம், அதில் மூன்று வயதுப் பூக்கள் இருப்பதுதான். பந்தலோ உறுதியான வேலியோ இருந்தால் மட்டும் இதை வையுங்கள். பக்கக் கன்றுகள் விட்டுத் தள்ளித் தள்ளி முளைக்கும், பல மீட்டர் ஏறும். சின்ன மாடத்துக்கு இது ஆகாது.

இடம் குறைவு, அனுபவமும் இல்லை என்பவர்கள் அந்திமந்தாரையிலும் டிசம்பர் பூவிலும் தொடங்குங்கள் என்பேன். ஒன்று விதையில் எளிது, மற்றொன்று குச்சியில் எளிது. இரண்டு வேலையும் கைக்குப் பழகிவிட்டால் மற்ற செடிகள் பயமுறுத்தாது.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே. அந்திமந்தாரையின் விதையும் கிழங்கும் நஞ்சு. மிளகு போலவே இருக்கும் அந்த விதையைக் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ள வாய்ப்புண்டு. அரளியும் பொன்னரளியும் முழுச் செடியுமே கடும் நஞ்சு. சின்னக் குழந்தைகளோ ஆடுமாடுகளோ இருக்கும் இடத்தில் அரளி வகைகளைத் தவிர்த்துவிடுங்கள். உண்ணிச்செடியும் பழைய தோட்டச் செடிதான் என்றாலும் அதை வைக்கவே வேண்டாம். பறவைகள் அதன் பழத்தைத் தின்று விதையைப் பரப்பி, உலகின் பல வெப்ப நாடுகளில் காடுகளையே அது மூடியிருக்கிறது. அதன் அழகுக்காக அந்தச் சேதத்தை ஏற்க முடியாது.

இரண்டாம் படி: செடியைக் கண்டுபிடிப்பது

பழைய வீடுகளின் சுற்றுச்சுவர் ஓரம், பள்ளிக்கூட வேலி, பழைய குடியிருப்புகளின் பின்புறம் ஆகியவைதான் இவற்றின் இன்றைய இருப்பிடம். பூக்கும் காலத்தில் அடையாளம் கண்டு வைத்துக்கொண்டு, விதை முற்றும் காலத்தில் போய்க் கேளுங்கள். உரிமையாளரிடம் கேட்காமல் ஒடிக்காதீர்கள். கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. இந்தச் செடியை ஒருவர் ஆசையோடு கேட்கிறார் என்பதே அவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். இந்தச் செடி எத்தனை வருஷமாக இருக்கிறது, எந்த மாதம் பூக்கும், வெட்டுவார்களா, பூச்சி வருமா என்று அப்படியே பேச்சுக் கொடுங்கள். அதே மண்ணில் அதே செடியை வளர்த்தவர் சொல்லும் தகவல் எந்தப் புத்தகத்தையும்விடப் பயனுள்ளது.

குச்சி வாங்கினால் அங்கேயே இலைகளை நீக்கிவிடுங்கள். இலை இருக்கும்வரை குச்சி ஈரத்தை இழந்துகொண்டே இருக்கும். நுனியில் இரண்டு சிறிய இலை போதும். ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, வெயில் படாமல் கொண்டுவாருங்கள். அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் நுனிப்பக்கத்தை நேராகவும் வெட்டி வைத்துக்கொண்டால் நடும்போது தலைகீழாகப் போகாது. இலையில்லாத குச்சியில் எது அடி, எது நுனி என்பது குழப்பமாகத்தான் இருக்கும்.

ரோஜாவுக்கு மட்டும் கூடுதலாக ஒரு விஷயம். 1867-க்கு முன்பே இருந்த வகுப்புகளைச் சேர்ந்த ரோஜாக்களைப் பழைய தோட்ட ரோஜாக்கள் என்று பிரிப்பார்கள்; அந்த ஆண்டில் வந்த 'லா பிரான்ஸ்' ரகத்தை நவீன ரோஜாக்களின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். பழையவற்றில் பல, பன்னீர் ரோஜா என்று நாம் சொல்பவை உட்பட, குச்சி நட்டாலே வேர்விடும். சொந்த வேரில் நிற்பதால் அடியிலிருந்து வரும் புதுக் கிளையும் அதே ரோஜாதான், அதை விட்டுவிடலாம். ஒட்டுக்கட்டிய ரோஜாவில் ஒட்டுக்குக் கீழே கிளம்புவது காட்டு ரோஜாவின் கிளை, அதை நீக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் பழைய ரோஜாவின் நல்ல கிளைகளை வெட்டித் தள்ளுகிறவர்கள் உண்டு.

மூன்றாம் படி: மண்

இதை நீட்டி முழக்கத் தேவையில்லை. இவை கஞ்சத்தனமான மண்ணிலும் பிழைத்த செடிகள். தோட்டத்து மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. களிமண் என்றால் மணலைக் கூட்டுங்கள், மணல்சாரி என்றால் உரத்தைக் கூட்டுங்கள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, அரைமணி நேரம் கழித்தும் குழியில் தேங்கி நின்றால் மண்ணை மேடாக்கிப் பாத்தி கட்ட வேண்டும். இந்தச் செடிகளில் எதுவுமே வேரில் தண்ணீர் நிற்பதை விரும்பாது.

சுண்ணாம்புச் சத்து அதிகமான மண்ணில் கனகாம்பரத்துக்கும் வெட்சிக்கும் இரும்புச் சத்துக் கிடைக்காமல் போகும். இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதுதான் அடையாளம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தால் புதுத் தளிர் பச்சையாக வரும். கட்டடம் இடித்த சுண்ணாம்புக் குப்பை கிடந்த இடத்தில் இந்த இரண்டையும் வைக்காமல் தொட்டிக்கு மாற்றுவதே நிரந்தரத் தீர்வு.

தொட்டியில் வைப்பதானால் அந்திமந்தாரைக்கும் டிசம்பர் பூவுக்கும் ஓரடிக்குக் குறையாத ஆழம் வேண்டும். காசித்தும்பைக்கு அகலமான, ஆழம் குறைந்த தொட்டியே போதும்.

நான்காம் படி: விதையிலிருந்து

விதையின் பருமனைப்போல் இரண்டு மடங்கு ஆழம் என்பது பொது விதி. அதற்குமேல் ஒவ்வொரு செடிக்கும் ஒரு தனிக் குணம் இருக்கிறது.

அந்திமந்தாரை விதையை ஓர் இரவு ஊறவைத்து, ஒன்றரை செ.மீ. ஆழத்தில், நிரந்தரமாக நிற்கப்போகும் இடத்திலேயே ஊன்றுங்கள். ஒன்று, இரண்டு வாரத்தில் பெரிய வித்திலைகளோடு முளைக்கும். ஒவ்வொரு குழியிலும் இரண்டு விதை போட்டு, வலுவான ஒன்றை மட்டும் விடுங்கள். செடிக்குச் செடி ஒன்றரை முதல் இரண்டு அடி இடைவெளி. நெருக்கினால் உயரமாக ஓடி, காற்றில் ஒடியும். கிழங்கு நன்றாக இறங்கிய பிறகு இடம் மாற்றுவது நல்லதல்ல. மாற்றியே ஆக வேண்டுமென்றால் நான்கு இலைப் பருவத்துக்குள் மாற்றுங்கள்.

காசித்தும்பை அவசரக்காரச் செடி. ஏறக்குறைய ஒரு வாரத்தில் முளைத்து, இரண்டு இரண்டரை மாதத்தில் பூத்துவிடும். விதை சிறியது, தூவிவிட்டு மெல்லிய மண்ணால் மூடினால் போதும். நாற்று மூன்று அங்குலம் வந்ததும் மாலை வேளையில் ஓரடி இடைவெளியில் நடுங்கள். நடும்போது தண்டைப் பிடிக்காதீர்கள். அழுத்தினால் நசுங்கிவிடும், இலையைப் பிடித்துத் தூக்குங்கள். ஒரே நாளில் எல்லா விதையையும் தூவாமல் இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் பருவம் முழுக்கப் பூ இருக்கும். இது பூத்து முடிந்ததும் செத்துப்போகும் ஒரு பருவச் செடி. தொடர்ச்சி உங்கள் கையில்தான் இருக்கிறது.

கோழிக்கொண்டை விதை கருகருவென்று மின்னும் பொடி. மணலோடு கலந்து தூவுங்கள். முக்கியமான விஷயம், நாற்றைத் தாமதிக்காமல் மாற்றி நடுவது. நாற்றங்காலில் வேர் நெருக்கடியில் மாட்டிக்கொண்டால் செடி வளராமலேயே சின்னஞ்சிறு கொண்டையைப் போட்டு முடித்துக்கொள்ளும். நான்கைந்து இலையில் மாற்றி, பத்து அங்குல இடைவெளி கொடுத்து, முதல் மாதம் வளர்ச்சி தடைப்படாமல் தண்ணீர் விட்டால் கொண்டை அகலமாக வரும். பெரிய ஒற்றைக் கொண்டை வேண்டுமென்றால் பக்கத் தளிர்களைக் கிள்ளிவிடுங்கள். நுனியைக் கிள்ளாதீர்கள்.

வாடாமல்லி விதையின் மேல் பஞ்சு போன்ற உறை இருக்கும். ஓரிரவு ஊறவைத்துப் போட்டால் ஒன்றரை, இரண்டு வாரத்தில் முளைக்கும். அப்புறம் அதைப் பற்றிக் கவலையே வேண்டாம், வறட்சி தாங்கும்.

கனகாம்பரத்துக்குப் பொறுமை தேவை. விதை புதிதாக இருக்க வேண்டும், மண் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், முளைக்க மூன்று வாரமும் ஆகலாம். இடையில் பாத்தி காயக்கூடாது. மேலே வைக்கோலோ ஈரச் சாக்கோ போட்டு, முளை தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். டெல்லி கனகாம்பரம் எனப்படும் பெரிய பூ ரகம் மும்மய இனம் (வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதி குரோமோசோம் கொண்டது) என்பதால் விதை கட்டாது; அதைக் குச்சியில்தான் பெருக்க முடியும்.

பவளமல்லியின் காய் வட்டமாக, தட்டையாக இருக்கும். காய்ந்ததும் இரண்டாகப் பிளந்தால் பக்கத்துக்கு ஒரு விதை. முளைப்பது ஒரே சீராக இருக்காது என்பதால் தாராளமாகப் போடுங்கள். கல்வாழையின் விதை இரும்புக் குண்டு போல. உப்புத்தாளில் வெள்ளை தெரியும்வரை தேய்த்து ஊறவைத்தால்தான் தண்ணீர் உள்ளே போகும். அதற்குக் கிழங்கைப் பிரித்து நடுவது எத்தனையோ எளிது.

ஐந்தாம் படி: குச்சியும் பதியமும்

டிசம்பர் பூ, நந்தியாவட்டை, கனகாம்பரம், குரோட்டன்ஸ், பழைய ரோஜா ஆகியவை குச்சியில் வரும். மழை தொடங்கி, காற்றில் ஈரம் இருக்கும் நாட்கள் சிறந்தவை. பூத்துக்கொண்டிருக்கும் கிளையை எடுக்காதீர்கள். வேர்விட வேண்டிய சக்தியைப் பூ இழுத்துக்கொள்ளும்.

பென்சில் பருமனுள்ள, பச்சை மாறி லேசாகப் பழுப்பேறிய கிளையில் ஆறு முதல் எட்டு அங்குலக் குச்சி. கனகாம்பரத்துக்கு மட்டும் இளம் நுனியில் நான்கு அங்குலம் போதும். அடிவெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும், ஏனென்றால் வேர் அங்கிருந்துதான் எளிதாகக் கிளம்பும். நந்தியாவட்டையை வெட்டினால் பால் வடியும். தண்ணீரில் கழுவி, அரைமணி நேரம் நிழலில் ஆறவிட்டு நடுங்கள். அந்தப் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குரோட்டன்ஸுக்கும் இதுவே.

மணலும் தேங்காய் நார்க்கழிவும் சம பங்கு கலந்து நனைத்து, முதலில் ஒரு குச்சியால் ஓட்டை போட்டு, அதற்குள் இரண்டு கணுவாவது புதையும்படி இறக்கி, சுற்றிலும் விரலால் அழுத்துங்கள். உள்ளே காற்றிடைவெளி இருந்தால் அடிப்பக்கம் காய்ந்துவிடும். மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, நிழலில் வையுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் தளிர் விடும். தளிரைப் பார்த்ததும் வேர் வந்துவிட்டது என்று எண்ணி உடனே பிடுங்கி நடுவதில்தான் நிறையக் குச்சிகள் போகின்றன. குச்சிக்குள் இருக்கும் சேமிப்பே முதல் தளிரைத் தள்ளிவிடும். தொட்டியின் அடி ஓட்டையில் வெள்ளை வேர் தெரியும்வரை, அல்லது லேசாக இழுத்தால் பிடித்துக்கொள்ளும்வரை காத்திருங்கள்.

மனோரஞ்சிதத்துக்கும் பெரிய குரோட்டன்ஸுக்கும் விண்பதியம், அதாவது கிளையைச் செடியிலிருந்து வெட்டும் முன்பே அதில் வேர்விட வைப்பது, நம்பகமானது. பென்சில் பருமனுள்ள கிளையில், ஒரு கணுவுக்குக் கீழே, ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுங்கள். உள்ளே வழவழப்பாக இருக்கும் மெல்லிய படலத்தைக் கத்தி முனையால் சுரண்டிவிட வேண்டும். அது மிச்சமிருந்தால் பட்டை மறுபடி சேர்ந்துகொள்ளும், வேர் வராது. இலை தயாரிக்கும் சத்து கீழே இறங்க வழியில்லாமல் வளையத்துக்கு மேல் தேங்குவதால்தான் அங்கே வேர் முளைக்கிறது. நனைத்துப் பிழிந்த நார்க்கழிவை ஒரு பிடி வைத்துப் பொத்தி, பிளாஸ்டிக் தாளால் சுற்றி, இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டுங்கள். ஒன்று முதல் இரண்டு மாதத்தில் தாளுக்குள் வேர் தெரியும். அதற்குக் கீழே வெட்டி, பாதி இலையைக் குறைத்து, தொட்டியில் நட்டு, சில வாரம் நிழலில் வைத்துப் பிறகு வெளியே கொண்டுவாருங்கள்.

மனோரஞ்சிதம் ஏறுவதற்குக் கொக்கி போன்ற காம்புகளை வைத்திருக்கும் செடி. உறுதியான கொழுகொம்பு கொடுங்கள். பச்சைப் பூவாக இலைக்குள் மறைந்திருந்து, மஞ்சளாக மாறும்போதுதான் மணக்கும். பூ எங்கே என்று கண்ணால் தேடினால் கிடைக்காது, மூக்கால் தேட வேண்டும்.

ஆறாம் படி: தண்ணீர், உரம், கவாத்து

முதல் ஆறு வாரம் எல்லாவற்றுக்கும் ஒழுங்கான தண்ணீர் வேண்டும். அதன் பிறகு காசித்தும்பைக்கும் கனகாம்பரத்துக்கும் மட்டும் மண் காயாமல் பாருங்கள். இலைச் சருகில் இரண்டு அங்குல மூடாக்குப் போட்டால் பாதி வேலை குறையும். வாடாமல்லி, டிசம்பர் பூ, நந்தியாவட்டை ஆகியவற்றுக்கு விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் விட்டால் போதும்.

உரத்தில் கை தாராளமாக இருப்பதுதான் இந்தச் செடிகளுக்குச் செய்யும் பெரிய கெடுதல். தழைச்சத்து கூடினால் அந்திமந்தாரை இலையாகப் பெருத்துப் பூவைக் குறைக்கும், கோழிக்கொண்டை தண்டு மெலிந்து சாயும். நடும்போது போட்ட தொழு உரமும், பூ தொடங்கும் முன் செடிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரமும் போதுமானது. பழைய ரோஜாவுக்கு மட்டும் மாதம் ஒரு முறை கொடுக்கலாம்.

கவாத்தைப் பலர் பயந்து செய்யாமல் விடுகிறார்கள். டிசம்பர் பூ, பூ ஓய்ந்ததும் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு வெட்டப்பட வேண்டும். வெட்டாமல் விட்டால் அடுத்த ஆண்டு அடி மொட்டையாகி, நுனியில் மட்டும் பூக்கும். வெட்டிய பிறகு வரும் தளிர் அரையடி ஆனதும் நுனியைக் கிள்ளுங்கள், இன்னொரு முறையும் கிள்ளுங்கள். மழைக்காலம் நடுவில் வந்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்குமேல் கிள்ளினால் மொட்டைத்தான் கிள்ளுவீர்கள். பவளமல்லியைப் பூத்து முடித்த பிறகு வெட்டினால் ஆள் உயரத்தில் நிறுத்திவைக்கலாம். வறண்ட காலத்தில் அது இலை உதிர்த்து நிற்பதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. ரங்கூன் மல்லி புதுக் கிளையில் பூக்கும் என்பதால் பூ ஓய்ந்ததும் தயங்காமல் வெட்டலாம். கனகாம்பரத்தில் பூ முடிந்த கதிர்களை அவ்வப்போது நீக்கினால் அடுத்த கதிர் சீக்கிரம் வரும். விதைக்கு வேண்டியதை மட்டும் விடுங்கள்.

ஏழாம் படி: பூச்சியும் நோயும்

நந்தியாவட்டையின் கிளை ஒரே இரவில் இலையின்றி நின்றால், அடியில் கரும்பச்சை உருண்டைகளாக எச்சம் கிடக்கிறதா பாருங்கள். கிடந்தால் மேலே அரளி அந்துப்பூச்சியின் புழு இருக்கிறது. விரல் பருமனில், பச்சையாக, தலைக்கருகே இரண்டு நீலக் கண் போன்ற புள்ளிகளோடு, வாலில் ஒரு சின்னக் கொம்போடு இருக்கும். நிறம் இலையோடு ஒன்றிப்போவதால் எச்சம் விழுந்த இடத்துக்கு நேர் மேலே பார்த்தால்தான் கண்ணில் படும். மருந்து அடிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. வளர்ந்த செடி மறுபடி தழைத்துவிடும், அந்தப் பூச்சியும் பார்க்க அத்தனை அழகு. சின்னச் செடி என்றால் மட்டும் கையால் எடுத்து, வேறொரு பெரிய நந்தியாவட்டையிலோ அரளியிலோ விடுங்கள்.

கனகாம்பரமும் காசித்தும்பையும் மண்ணில் ஈரம் இருந்தும் நண்பகலில் துவண்டு, இலை வெளிறினால் நூற்புழுவைச் சந்தேகியுங்கள். ஒரு செடியைப் பிடுங்கினால் வேரில் முடிச்சு முடிச்சாகத் தெரியும். தாக்கிய செடியைக் காப்பாற்ற முடியாது. வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அந்தப் பாத்தியில் ஒரு பருவம் செண்டுமல்லி நட்டு, அதையும் மண்ணிலேயே மடக்கி உழுதுவிட்டு, குழிக்கு ஒரு பிடி வேப்பம்பிண்ணாக்கு போட்டு, பிறகு நடுங்கள்.

காசித்தும்பையில் பருவக் கடைசியில் சாம்பல் நோய் வரும். இடைவெளி விட்டு நடுவதும், தண்ணீரை இலையில் ஊற்றாமல் அடியில் ஊற்றுவதும்தான் தடுப்பு. மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், கரைய ஓரிரு சொட்டுச் சோப்புக் கரைசல்; மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள்.

எட்டாம் படி: விதை எடுத்து வைத்தல்

எந்தச் செடியில் விதை எடுக்கப்போகிறீர்கள் என்பதைப் பூக்கும்போதே முடிவு செய்து நூல் கட்டிவிடுங்கள். கடைசியில் மிஞ்சிய விதையை அள்ளினால், எஞ்சியிருப்பது பெரும்பாலும் யாரும் விரும்பாத செடியின் விதையாக இருக்கும். அடுக்குக் காசித்தும்பையும் அகலக் கொண்டையும் இப்படித்தான் தோட்டத்தில் மெல்ல மெல்லத் தரம் இறங்குகின்றன. ஒற்றை அடுக்கில் பூத்த செடியை விதை கட்டும் முன்பே எடுத்துவிடுவது நல்லது.

காசித்தும்பையின் காய் மெல்லிய ரோமத்தோடு, நடுவில் புடைத்து இருக்கும். பச்சை வெளிறி மஞ்சள் தட்டியதும் முற்றிவிட்டது என்று அர்த்தம். அப்போது விரல் பட்டாலே போதும், ஓடு ஐந்து துண்டாகச் சுருண்டு விதையைச் சிதறடிக்கும். காயை உள்ளங்கையால் முழுதாகப் பொத்திய பிறகுதான் காம்பைக் கிள்ள வேண்டும். கைக்குள் அது வெடிப்பது நன்றாகத் தெரியும். நிறைய எடுக்க வேண்டுமென்றால் கிளைக்கு மெல்லிய துணிப்பை கட்டிவிடுங்கள்.

கனகாம்பரம் வேறு விதம். அதன் காய்ந்த காய் ஈரம் பட்டால்தான் வெடிக்கும். ஆகவே கதிர் பழுப்பானதும், மழைக்கு முன், தண்ணீர் விடும் முன் வெட்டிக் காகிதப் பையில் போடுங்கள். உடனே விதைக்கப்போகிறீர்கள் என்றால் கதிரை மூடியுள்ள டப்பாவில் போட்டுத் தண்ணீர் தெளித்து மூடிவிடுங்கள். படபடவென்று வெடித்து விதை டப்பாவிலேயே தங்கும்.

கோழிக்கொண்டையில் மேலே தெரியும் வெல்வெட் மடிப்பில் விதை தேடாதீர்கள். கொண்டையின் பக்கவாட்டில், கீழ்ப்பகுதியில் இருக்கும் சின்னஞ்சிறு பூக்களில்தான் விதை. காகிதத்தின் மேல் தேய்த்து, உமியை ஊதிவிடுங்கள். வாடாமல்லியை முழுப் பூவாகவே காயவைத்து உதிர்க்கலாம்.

அந்திமந்தாரையில் பூவுக்கு ஒரே விதை. கறுத்த விதைகள் தொட்டதும் உதிரும், காலையில் செடிக்கு அடியிலும் பொறுக்கலாம். பல நிறச் செடிகள் அருகருகே நின்றால் விதையில் நிறம் கலந்து வரும். ஒரே நிறம் வேண்டுமென்றால் கிழங்கைத் தோண்டி நடுவதே நிச்சயம். இலையில் பச்சையும் வெள்ளையும் கலந்த ரகம் உங்களிடம் இருந்தால், விதையை எந்தக் கிளையில் எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். 1909-ல் ஜெர்மானியத் தாவரவியலாளர் கார்ல் கோரன்ஸ் இதே செடியில்தான், இலையின் நிறம் மகரந்தம் தந்த செடியைப் பொறுத்ததல்ல, விதை விளைந்த கிளையைப் பொறுத்தது என்று காட்டினார். பச்சைக் கிளையின் விதை பச்சையாகவே முளைக்கும். முழு வெள்ளைக் கிளையின் நாற்று பச்சையமே இல்லாமல் சில நாளில் செத்துப்போகும். கலப்பு நிறக் கிளையின் விதையில் மூன்று விதமும் முளைக்கும், அதிலிருந்து பொறுக்கிக்கொள்ளலாம்.

எடுத்த விதையை நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள்; நேர் வெயிலில் வேண்டாம். காகிதப் பொட்டலத்தில் பெயர், நிறம், எடுத்த மாதம், யாரிடம் வாங்கியது என்று எழுதி, இறுக மூடும் கண்ணாடிப் புட்டியில் வைத்து, புட்டிக்குள் கொஞ்சம் உலர்ந்த சாம்பலையும் ஒரு துணியில் முடிந்து போடுங்கள். கனகாம்பரத்தை அடுத்த பருவத்துக்குள் விதைத்துவிடுங்கள். அந்திமந்தாரை இரண்டு, மூன்று ஆண்டு தாங்கும். மனோரஞ்சிதத்தின் விதையைச் சேமித்து வைக்காமல், பழம் கனிந்ததும் சதையை நீக்கிக் கழுவி அப்போதே ஊன்றிவிடுங்கள்; முளைக்க மாதக்கணக்கில் ஆகும், அதுவரை அந்தத் தொட்டியைக் காயவிடாதீர்கள். ஒவ்வொரு வகையிலும் பாதி விதையையாவது வேறொருவரிடம் கொடுத்து வையுங்கள். உங்கள் செடி ஒரு கோடையில் போய்விட்டால் திரும்பக் கேட்க ஓர் இடம் இருக்கும்.